கரும்புக்கு வைத்த உப்பு கொப்பரையில் தெரியும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வேளாண்மை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மால்ட் பார்லிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் மகசூல் ஏறும், ஆனால் மணியில் புரதமும் ஏறிவிடுவதால் மால்ட் ஆலைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று பாடத்தில் படித்தாராம். போன வருஷம் அவருடைய அப்பா கரும்புக்கு ஏழாம் மாதம் இரண்டு மூட்டை யூரியா (நம் பக்கம் உரத்தை 'உப்பு' என்போம்) சேர்த்து வைத்திருக்கிறார். எடை நன்றாக வந்தது. காய்ச்சும்போது நாட்டுச் சர்க்கரை சரியாகக் கட்டவில்லை, நிறமும் கறுத்துவிட்டது. "பார்லிக் கதையும் எங்க கரும்புக் கதையும் ஒண்ணுதானுங்களா?" என்பது கேள்வி.

பாதி ஒன்று, பாதி வேறு. பார்லியை நான் விதைத்ததில்லை; படித்ததும், வடக்கே போனபோது விளைவிக்கிறவர்களிடம் கேட்டதும்தான். கரும்பு அப்படியில்லை. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் அப்பா வெல்ல ஆலை ஓட்டிய காலத்தில், சாறு காய்ச்சும் கொப்பரையில் அழுக்கு வழிக்க ஆரம்பித்தவன், பிறகு நானே இருபது வருஷம் ஓட்டினேன். பார்லியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கணக்கு சுத்தமாகத் தெரியும்.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூடுகாட்டி உலர்த்தினால் மால்ட். நம் வீட்டில் ராகியை முளைகட்டி, வறுத்துத் திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி வைப்பதும் இதே வேலைதான். முளைவிடும்போது மணிக்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். பீர் வடிக்கிறவருக்கும் மால்ட் பானம் செய்கிறவருக்கும் வேண்டியது அந்தச் சர்க்கரை. மணிக்குள் இருக்கிற இடம் அவ்வளவுதான். புரதம் ஏறினால் அந்த அளவுக்கு மாவு இறங்கியாக வேண்டும். புரதம் கூடிய மணியில் தண்ணீர் மெதுவாக இறங்கும், முளைப்பு ஒரே சீராக வராது, பீர் குளிர்ந்தால் கலங்கும். அதனால்தான் வாங்குகிறவர்கள் சுமார் 9 முதல் 11.5 சதவீதம் வரை என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் தீவன விலைதான். 9க்குக் கீழே போனாலும் அவர்களுக்குப் பிடிக்காது. ஈஸ்ட் வளர அமினோ அமிலம் வேண்டும், நுரை நிற்கவும் கொஞ்சம் புரதம் வேண்டும். மணியில் உள்ள தழைச்சத்தை அளந்து 6.25ஆல் பெருக்கினால் வருவது புரதம். ஆக 11.5 சதவீதப் புரதம் என்றால் மணியில் 1.84 சதவீதம் தழைச்சத்து. இதில் மறைக்க ஒன்றுமில்லை, கருவியில் வைத்தால் எண் வந்துவிடும்.

இனி நிலத்தில் நடப்பது. பசித்த மண்ணில் முதலில் போடும் யூரியா பெரும்பாலும் மகசூலாகவே போகும். பக்க முளை விட்டுத் தூர் கட்டும், கதிர் கூடும், மணி கூடும். மாவும் சேர்ந்தே ஏறுவதால் புரதத்தின் சதவீதம் பெரிதாக நகராது, சில சமயம் கொஞ்சம் இறங்கவும் செய்யும். ஒரு கட்டத்தில் மகசூல் நின்றுவிடும், வேர் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தாது. அதற்கு மேல் போடுவதெல்லாம் மணியில் புரதமாகத்தான் போய்ச் சேரும். பார்லிக்காரரின் சாமர்த்தியம் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னாலேயே கையை நிறுத்துவதில் இருக்கிறது. காலமும் முக்கியம். விதைப்பிலும் முதல் தண்ணீரிலும் கொடுத்தது தூருக்குப் போகும், கதிர் வெளியே வந்தபின் கொடுத்தது நேராகப் புரதத்துக்குப் போகும். ரொட்டிக் கோதுமை விளைவிக்கிறவர் இதையே வேண்டுமென்று செய்வார், அவருக்குப் புரதத்துக்குத்தான் காசு. அதே யூரியா, அதே நாள், ஒருவருக்கு லாபம், பக்கத்து வயல்காரருக்கு நஷ்டம்.

மணி பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறி ஈரம் வற்றினாலும் மாவு நிரம்பாமல் மணி சூம்பிப் புரத சதவீதம் தானாக ஏறிவிடும். அளவாக உரம் போட்டவனும் அந்த வருஷம் தப்ப மாட்டான். ராஜஸ்தான், ஹரியானாப் பக்கம் குளிர்காலப் பயிராகப் பார்லி வைக்கிறவர்களுக்கு இது பழகின சங்கடம். நமக்கும் பார்லி அப்படியொன்றும் அந்நியமில்லை. நீலகிரியில் ஒரு காலத்தில் படகர்கள் பார்லி விளைவித்தார்கள், வெள்ளைக்காரன் காலத்தில் அந்த மலையில் பீர் ஆலைகளும் இருந்தன. அது வேறு கதை, விடுங்கள்.

கரும்புக்கு வருவோம். பார்லியில் சேமிப்பு விதையில். கரும்பில் சேமிப்பு தண்டில். விதை உருவானதும் பார்லிச் செடியின் ஆயுள் முடிந்தது. கரும்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். வளருகிற வரைக்கும் இலையில் செய்த சர்க்கரையைத் தின்றுவிடும். பசியும் கொஞ்சம் தாகமும் வந்து, ராத்திரி குளிர்ச்சியும் சேர்ந்தால்தான் வளர்ச்சி அடங்கி, படிகமாகக் கட்டும் சர்க்கரையான சுக்ரோஸ் தண்டில் தங்கும். பார்லியை யூரியா கெடுப்பது புரதத்தைக் கூட்டி. கரும்பைக் கெடுப்பது முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு. நீங்கள் கேட்டதில் வேறாக இருக்கும் பாதி இதுதான். கரும்புக்குப் பத்தாம் மாதமும் நான்காம் மாதம் என்ற நினைப்பு.

அப்படி முதிராத கரும்பின் சாற்றில் மூன்று கோளாறு. சுக்ரோஸ் குறைவு. அதற்குப் பதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அதிகம். இவை இனிக்கும், ஆனால் எளிதில் படிகமாகாது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மூன்றாவது, புரதமாக மாறாமல் மிச்சப்பட்ட அமினோ அமிலங்கள் சாற்றிலேயே மிதக்கும். இந்த அமினோ அமிலமும் அந்தக் குளுக்கோஸும் கொப்பரைச் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறம் வரும். பார்லி மால்ட்டை உலர்த்தும்போது வரும் செந்நிறமும் மணமும் இதே வினைதான், மெய்லார்டு வினை என்பார்கள். அங்கே அதை வரவழைக்கக் காசு செலவழிக்கிறார்கள். இங்கே அது வந்தால் நமக்கு விலை போச்சு. ஒன்றாக இருக்கும் பாதி இது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஒரு வருஷம் எங்கள் தோட்டத்தில் கோ 86032 ரகம், கோயமுத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கொடுத்தது, இன்றைக்கும் நம் பக்கம் அதிகம் நிற்பது அதுதான். எட்டாம் மாதம் தோகை லேசாக வெளுத்த மாதிரி எனக்குப் பட்டது. வாய்க்காலில் தண்ணீரும் வந்திருந்தது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை வைத்தேன். பத்து நாளில் கருகருவென்று ஆனதைப் பார்த்து எனக்குப் பெருமை. அப்பா வரப்பில் நின்றபடி, "ஏண்டா, பொண்ணைக் கட்டிக்குடுக்கற சமயத்துல பள்ளிக்கோடத்துல சேத்திருக்கயே" என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

தை மாதம் வெட்டினோம். கரும்பு தடிமன்தான், சாறும் நிறைய. கொப்பரை சூடேறியதும் நுரை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொங்கியது. வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழத் தண்ணீர் ஊற்றி அழுக்கை மேலே வரவைத்து வழித்தோம். வழிக்க வழிக்கத் திரும்பவும் கட்டியது. சுண்ணாம்பு கொஞ்சம் கூட விட்டுப் பார்த்தேன், சாறு இன்னும் சிவந்ததுதான் மிச்சம். பாகு 118 டிகிரி பக்கம் வரும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் கோலி மாதிரி உருண்டு, கிண்ணத்தில் போட்டால் ணங்கென்று சத்தம் கேட்க வேண்டும். அன்றைக்கு விரலில் பிசின் மாதிரி இழுத்தது. இன்னும் கொஞ்சம் எரிக்கலாம் என்றால் அடி கருகும். இறக்கி மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் தேய்த்தால் பொடி விழவில்லை. நாலு பேர் கை வலிக்கத் தேய்த்தும் பட்டாணி பட்டாணியாகக் கட்டி. அப்பா ஒரு சிட்டிகை வாயில் போட்டு, ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச் சர்க்கரையை 60 கிலோ மூட்டையாக வைத்து ஏலம் போடுவார்கள். நல்லதைத் 'திடம்' என்பார்கள், அடுத்தது 'மீடியம்'. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை எடுப்பது இங்கேதான், அதனால் இந்தச் சந்தையில் நிறமும் பொலபொலப்பும் பார்க்கத் தெரிந்த கண்கள் அதிகம். என் மூட்டை மீடியத்திலும் கடைசி விலைக்குப் போனது. விற்காமல் வைத்திருந்த ஏழெட்டு மூட்டை ஆடிக்காற்றில் சாரல் ஈரம் பட்டதும் வேர்த்து, சாக்கெல்லாம் நனைந்து, எறும்புக்கு விருந்தானது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறம் கறுத்த பாகுக்கு ஹைட்ரோஸ் போட்டு வெளுப்பதும், கட்டாத பாகுக்கு அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் கட்டவைப்பதும் ஊரறிந்த விஷயம். ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், துணி வெளுக்கிற சாமான். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அளவு. கொப்பரைச் சூட்டில் கைப்பிடியாக அள்ளிப் போடுகிறவர் எந்த மில்லிகிராமை எண்ணப்போகிறார்? அந்த வெளுப்பும் நிற்காது, சில வாரத்தில் பழுப்பு திரும்பிவிடும். எல்லோரும் ஆலைக்காரரைத் திட்டுகிறார்கள். அவர் செய்வது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு விதை பல நேரம் வயலில் ஏழாம் எட்டாம் மாதம் விழுந்த யூரியாவில் இருக்கிறது. நல்ல கரும்பைக் காய்ச்சுகிறவருக்கு ஹைட்ரோஸ் வாங்கப் போகும் வேலையே வராது.

சரி, இது தெரிந்தும் ஏன் எல்லோரும் கூடப் போடுகிறார்கள்? வாங்குகிறவர் எதைப் பார்த்துக் காசு கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது விடை. பார்லிக்காரரின் லோடு ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கிறார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் நம்மாளுக்கு டன் கணக்குதான். மத்திய அரசு விலை 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால். 9.5க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் 329.05 ரூபாய்க்குக் குறையாது. அந்தக் கட்டுமானமும் ஆலையின் மொத்தச் சராசரி, உங்கள் தோட்டத்துக் கணக்கு அல்ல. உங்கள் கரும்பில் சர்க்கரை கூடினால் அதன் பலன் ஊருக்கெல்லாம் பங்காகப் போகும். எடை கூடினால் முழுக்க உங்களுக்கு. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் ஐம்பது காசு, டிஏபி 50 கிலோ 1,350. இந்த விலையில் விவசாயி யூரியாவை அள்ளி வைப்பதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது சரியான கணக்கு.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. 50 டன் கரும்பில் நூற்றுக்குப் பத்தரை வீதம் சர்க்கரை கட்டினால் 5,250 கிலோ. உரம் கூடி ஒன்பதரையாக இறங்கினால் 4,750 கிலோ. அந்த 500 கிலோவை எடையால் ஈடுகட்ட இன்னும் ஐந்தே கால் டன் கரும்பு கூட விளைய வேண்டும். விளைந்தாலும் வெட்டுக்கூலி, ஏற்றுகூலி, காய்ச்சுகூலி எல்லாம் அந்த ஐந்தே காலுக்கும் சேர்த்து. கடைசியில் கையில் வருவது அதே அளவு சர்க்கரை, அதுவும் மீடியம். உங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், பேச்சால் சொன்னால் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஏறாது.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஆலைக் கரும்புக்கு நெடுங்காலமாகச் சொல்லி வந்த பரிந்துரை எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து, மூன்றாகப் பிரித்து நட்ட 30, 60, 90ஆம் நாளில். ஏக்கருக்கு 110 கிலோ. ஒரு மூட்டை யூரியாவில் 20.7 கிலோ இருப்பதால் ஐந்தேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல். வெல்லத்துக்குப் போகும் கரும்புக்கு அதைவிட நன்றாகக் குறைத்துத்தான் சொல்வார்கள். உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். என்னைக் கேட்டால் அளவைவிட நாள் முக்கியம். 90ஆம் நாள் மண் அணைக்கிறபோது கடைசி உப்பு, அதோடு யூரியா மூட்டையைக் கட்டி மூலையில் வைத்துவிட வேண்டும். மிஞ்சிப் போனால் 120. முதல் மூன்று மாதம் கொடுத்தது தூராகும்; ஏழாம் மாதம் கொடுத்தது தோகையும், கணுக்கணுவாய்ப் புழுவும், சாய்ந்த கரும்பும்தான். சாய்ந்த கரும்பு தரையில் பட்ட கணுவில் வேர்விட்டு முளைக்கும், அந்த முளைக்குத் தீனி நீங்கள் சேர்த்துவைத்த சுக்ரோஸ்.

இனி, பலரும் கணக்கில் எழுதாத தழைச்சத்து. நாமக்கல்லிலிருந்து வரும் கோழி எருவை 'இயற்கை' என்று ஆறாம் மாதம்கூடக் கொட்டுகிறார்கள். நல்ல எருவில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து. ஒரு டன் கொட்டினால் ஒன்றரை மூட்டை யூரியா கொட்டியதுபோல. அடியுரமாகப் போட்டால் அருமையான சாமான், நடுவில் போட்டால் அதுவும் யூரியாதான். கரும்புக்கு மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது.

அடுத்தது கிணறு. நம் பக்கம் பல கிணறுகளில் நைட்ரேட் ஏறிக் கிடக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்களே, சரியாக அந்த அளவு உள்ள தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் தழைச்சத்து லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு மொத்தமாக ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்சினால் 40 லட்சம் லிட்டர், 40 கிலோ தழைச்சத்து, அதாவது இரண்டு மூட்டை யூரியா. அதையும் அறுவடை வரைக்கும் தவணை தவணையாகக் கொடுக்கிறீர்கள். வாய்க்கால் தண்ணீரில் நன்றாகக் கட்டும் சர்க்கரை, கிணற்றுப் பாசனத்தில் கட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கிணறு உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம், குளோரைடு ஏறிய வெல்லம் கரிக்கும், வேர்க்கும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) கரும்புக்குக் கட்டாயம் வேண்டும், இலையிலிருந்து சர்க்கரையைத் தண்டுக்கு இறக்க அது துணை. ஆனால் நாம் போடும் பொட்டாஷே குளோரைடுதான். உப்புக் கிணற்றுக்காரர்கள் கொஞ்சம் கூடச் செலவானாலும் சல்ஃபேட் வகையைப் பார்க்கலாம்.

இந்த வருஷம் நிற்கிற கரும்பு ஒன்பதாம் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறாம் மாதம் ஒரு மூட்டை போயிருக்கிறது என்றும். போனதை எடுக்க முடியாது. இனி எந்த உருவத்திலும் தழைச்சத்து வேண்டாம், இலைவழித் தெளிப்பும் வேண்டாம். காய்ந்த சோகையை உரித்துவிடுங்கள், சாய்கிற மாதிரி இருந்தால் இரண்டு வரிசையையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பத்தரை மாதத்திலிருந்து தண்ணீர் இடைவெளியைக் கூட்டுங்கள், வெட்டுக்கு முந்தின பதினைந்து நாள் சுத்தமாக நிறுத்திவிடலாம், செம்மண்ணாக இருந்தால் பத்து நாள் போதும்.

வெட்டுகிற நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். சாற்றின் இனிப்பை அளக்கும், கைக்கு அடக்கமான பிரிக்ஸ் மீட்டர் உங்கள் கல்லூரியிலேயே இருக்கும், ஒருநாள் கேட்டு வாங்கி வாருங்கள். தோட்டத்தின் நடுவில் போய், ஓர வரிசையை விட்டுவிட்டு, பத்துக் கரும்பில் அடிக்கணுவிலும் நுனிப்பக்கமும் ஒவ்வொரு சொட்டுச் சாறு எடுத்துப் பாருங்கள். அடியில் 20 காட்டி நுனியில் 13 காட்டினால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஆலைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுங்கள். இரண்டும் 18, 19 என்று நெருங்கி வந்துவிட்டால் வெட்டலாம். நெருங்கவே மாட்டேன் என்கிறதென்றால், வெல்லம் காய்ச்சும் எண்ணத்தை இந்த ஒரு வருஷம் விட்டுவிட்டு, எடைக்கு எடுக்கிற சர்க்கரை ஆலைக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.